தொட்டிக்கு உறை கேட்டுப் போனவள்

வசந்தாமணியின் மூக்கை நம்பி ஓர் ஆலை ஓடுகிறது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வெண்ணந்தூருக்கும் புதுச்சத்திரத்துக்கும் நடுவே உள்ள கைலாசத்தின் ஜவ்வரிசி ஆலையில் மட்டும் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

நாள்தோறும் காலை ஆறரை மணிக்கு அவள் எரிவாயுத் தொட்டியின் கரைமேல் ஏறி நின்று ஒரு முறை மூச்சை உள்ளே இழுப்பாள். "நல்ல பசியில இருக்குதுங்க. இன்னிக்கு ரெண்டு பங்கு தண்ணி சேத்தி உடலாம்" என்பாள். வேறொரு நாள், "வயிறு மந்தமா கெடக்குது. மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் உட வேண்டாம்" என்பாள். அவள் பேச்சைக் கேட்டுத்தான் எந்திரத்தின் விசையைப் போடுவார்கள்.

அவள் தொட்டி என்று சொன்னது சின்னத் தொட்டியல்ல. இரண்டு கல்யாண மண்டபங்களை இறக்கி வைக்கக்கூடிய பள்ளம். அதன்மேல் கறுப்பு நிறத்தில் கனத்த பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி, விளிம்பைச் சுற்றிலும் காற்றுப் புகாமல் மண்ணில் புதைத்திருந்தார்கள். உள்ளே வாயு சேரச் சேர அந்த விரிப்பு மேலெழும்பி, பெரிய யானை ஒன்று படுத்துக்கொண்டு மூச்சு விடுவதைப் போலத் தோன்றும். ஆலையில் எல்லோரும் அதைப் பலூன் என்பார்கள். வசந்தாமணி மட்டும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. பலூன் என்றால் உள்ளே வெறும் காற்றுதானே. இதற்குள் இருப்பது உயிர் என்று அவளுக்குத் தெரியும்.

குச்சிக்கிழங்கை அரைத்து, மாவுப்பாலைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுவது புளித்த தண்ணீர். நாளொன்றுக்கு ஒரு குளமே நிரம்புகிற அளவுக்குத் தண்ணீர். அது இந்தப் பள்ளத்துக்குள் போகிறது. கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி சீவன்கள் அதைத் தின்று வாயுவாக விடுகின்றன. அந்த வாயு குழாய் வழியே வந்து வறுவல் அடுப்பில் எரிகிறது. அந்த அடுப்பில்தான் ஜவ்வரிசி முத்து முத்தாக வெந்து உருள்கிறது. நாற்றத்தைத் தின்று நெருப்பைக் கொடுக்கிற ஒரு வயிறு. இதை நினைக்கும்போதெல்லாம் நாற்பத்தாறு வயது வசந்தாமணிக்கு மேனி சிலிர்க்கும்.

இருபத்திரண்டு வயதில் கிழங்குத் தோல் சீவ வந்தவள் அவள். இந்த ஆலையின் கூலியில்தான் வீட்டுக்கு ஓடு போய்க் கான்கிரீட் வந்தது. இந்த ஆலையின் கூலியில்தான் மகள் மோகனப்பிரியா நர்சிங் படித்தாள். அதில் முதல் பத்தொன்பது வருடமும் ஆலையின் புளித்த தண்ணீர் ஓடையில்தான் போனது. ஓடையிலிருந்து மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர், முதன்முதலாக எட்டிப் பிடித்தது அவள் வீட்டுக் கிணற்றை. ஒரு கோடைக்காலத்தில் மாடு தண்ணீர்த் தொட்டியில் வாயை வைத்துவிட்டு, தலையை உதறிக்கொண்டு பின்னால் போயிற்று. தென்னையில் குரும்பை நிற்கவில்லை. ஒரே கை ஒரு வாசலில் சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மறு வாசலில் தண்ணீரை எடுத்துக்கொண்டு போயிற்று. யாரைத் திட்டுவது? திட்டினால் அடுத்த நாள் எங்கே வேலைக்குப் போவது?

"உன்ற ஃபேக்டரி எனக்குச் சோறும் போட்டுது, விக்கலும் குடுத்துது" என்பான் அவள் கணவன் சடையன். "ரெண்டுக்கும் சேத்தி உன்ற மொதலாளிக்கு ஒரு கும்பிடு போட்டேன்னு சொல்லு."

அந்த ஓடையால் கெட்டது கிணறு மட்டுமல்ல. கைலாசத்துக்கு முத்தாயம்மாள் என்று ஓர் அக்கா. புருசன் இறந்தபின் புதுச்சத்திரம் பக்கம் தனியாக ஓர் ஆலை நடத்துகிறவள். இந்த வட்டாரத்தில் முதலில் எரிவாயுத் தொட்டி கட்டியவள் அவள்தான். பதினோரு வருடத்துக்கு முன்பு ஓடை நுரைத்துப் பொங்கியபோது ஊர்க்காரர்கள் திரண்டு வந்தார்கள். எவன் தண்ணீர், எவள் தண்ணீர் என்று யாரும் பார்க்கவில்லை. இரண்டு ஆலைக்கும் சேர்த்துப் பூட்டுப் போட்டார்கள். தம்பி செய்த தப்புக்கு அக்காவின் ஒரு பருவத்துக் கிழங்கு களத்திலேயே அழுகியது. "நீ செஞ்சதுன்னு ஊர்ல ஒரு வார்த்தை சொல்லிப்போடு" என்று அவள் கேட்டாள். கைலாசம் சொல்லவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. அவன் மகள் கல்யாணத்தில் தாய்மாமன் வீட்டு வரிசை எல்லாம் வந்தது, அத்தையின் நாற்காலி மட்டும் காலியாகக் கிடந்தது.

பிறகு, ஐந்து வருடத்துக்கு முன்புதான் கைலாசமும் தொட்டி கட்டினான். ஊர் அவனை எளிதில் நம்பவில்லை. ஊர்ப் பெரியவர் அன்பழகன் ஒரு நிபந்தனை போட்டார். ஓடைக்குப் போகும் பழைய மதகைப் பூட்ட வேண்டும். சாவி முதலாளியிடம் இருக்கக் கூடாது. "மொதக் கெணறு யாருது கெட்டுதோ, அவங்க கையில இருக்கட்டும்" என்றார். அப்படித்தான் ஆலைக்குச் சொந்தக்காரன் ஒருவனும், மதகின் சாவிக்குச் சொந்தக்காரி ஒருத்தியும் ஆனார்கள்.

தொட்டியைத் தொடங்கி வைக்க நாற்பது வண்டி சாணம் கரைத்து ஊற்ற வேண்டியிருந்தது. முட்டி அளவு சாணக் கரைசலில் இறங்க யாரும் முன்வரவில்லை. வசந்தாமணி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். நாற்பத்தோராம் நாள் குழாயின் முனையில் தீக்குச்சியைக் காட்டினான் சேலத்திலிருந்து வந்த வாயுப் பொறியாளன் கௌசிக். நீலச் சுடர் ஒன்று 'பக்'கென்று பூத்தது. வசந்தாமணி குழாய்ப் பக்கம் குனிந்து பார்த்தாள்.

"உள்ளுக்குள்ள யாருங்க சாமி இருக்கறது?" என்று கேட்டாள்.

"மாட்டு வயித்துல இருக்கற அதே சீவனுங்கதாங்க அக்கா. கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாதது இத்தாம் பெரிய அடுப்பை எரிக்குதா?"

"ஆமாங்க."

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கரைமேல் கையை ஊன்றிக் கும்பிட்டாள். கௌசிக் சிரிக்கவில்லை. அன்று முதல் அவனுக்கு அவள்மேல் தனி மரியாதை.

அப்பேர்ப்பட்டவள்தான் ஒரு நாள் அந்த உயிரைத் தன் கையாலேயே கொன்றாள்.

ஆயுத பூசை வந்தது. எந்த ஆலையிலும் அன்றைக்குத் துடைப்பக்கட்டைக்குக்கூடச் சந்தனப் பொட்டு உண்டு. முதல் நாளே கிழங்குத் தொட்டி, மாவுப்பால் தொட்டி, தரை எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவுவது வழக்கம். கழுவுகிற நாளில் வசந்தாமணி ஒரு வால்வைத் திருப்பி, அந்தத் தண்ணீரைத் தனிக் குட்டைக்கு அனுப்பிவிடுவாள். இந்த வருடம் அவள் மனது வேறொன்றில் இருந்தது. எல்லாவற்றுக்கும் பூசை உண்டு, இரவும் பகலும் உழைக்கிற தொட்டிக்கு மட்டும் ஏன் இல்லை? தொட்டிக்குள் தண்ணீர் போகும் வாய்க்கால் பாசி பிடித்துக் கிடந்தது. அது அந்தச் சீவன் சாப்பிடுகிற வாய் அல்லவா? பக்கெட் பக்கெட்டாகப் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, வெள்ளைவெளேர் என்று தேய்த்தாள். மஞ்சள் பூசினாள். குங்குமம் வைத்தாள். மாலை போட்டாள். அந்தப் பூரிப்பில் வால்வைத் திருப்ப மறந்துபோனாள். ஆலை கழுவிய தண்ணீர் அத்தனையும் அந்த அலங்கார வாய்க்கால் வழியே உள்ளே இறங்கியது.

நான்காம் நாள் காலை கரைமேல் ஏறி மூச்சை இழுத்தாள். சாண வாடை இல்லை. ஊசிப்போன புளிப்பு மூக்கைச் சுட்டது. கறுப்பு விரிப்பு தொய்ந்து, முந்தைய நாள் பெய்த மழைத் தண்ணீரைக் குழியில் தேக்கிக்கொண்டு கிடந்தது. வறுவல் அடுப்பில் சுடர் இரண்டு முறை விக்கி அணைந்தது.

கௌசிக் ஓடி வந்து சோதனைக் காகிதத்தை நனைத்துப் பார்த்தான். "புளிச்சுப் போச்சுங்க. உள்ளே எல்லாம் செத்துட்டிருக்குது. எதனாலன்னு தெரியல" என்றான்.

"தெரியலையா?" கைலாசம் எகிறினான். "தெரியலைன்னு சொல்றதுக்கா உங்க கம்பெனிக்கு வருசா வருசம் கொட்டிக் குடுக்கறேன்? ஒரு தொட்டியப் பாத்துக்கத் துப்பில்ல. நாளையிலருந்து நீ இந்தக் கேட்டை மிதிக்கக் கூடாது."

அந்தப் பையன் காகிதங்களைப் பையில் அடுக்கினான்.

வசந்தாமணியின் கண் வாய்க்கால் பக்கம் போயிற்று. வாடிய மாலைக்குக் கீழே, சிமெண்டு விரிசலில், வெள்ளை வெள்ளையாக மாவு போல ஏதோ படிந்திருந்தது. கிருமியைக் கொல்ல ஊர்க் கிணற்றில் போடுகிற பவுடர். கிருமியைக் கொல்ல.

கேட்டுக்கு வெளியே ஒன்பது லாரி கிழங்கு நின்றது. தோண்டிய கிழங்கு இரண்டு நாளைத் தாண்டினால் உள்ளே நீலக் கோடு ஓடிவிடும். பிறகு அது மாட்டுக்குக்கூட ஆகாது. கைலாசம் லாரிகளைப் பார்த்தான், செத்த தொட்டியைப் பார்த்தான், மழையில் செந்நிறமாக ஓடிக்கொண்டிருந்த ஓடையைப் பார்த்தான்.

"வசந்தாமணி, அந்த மதகுச் சாவியக் கொண்டா."

"எதுக்குங்க?"

"நாலே நாளு. மழைத் தண்ணியோட கலந்து போயிரும். ஒருத்தனுக்கும் தெரியாது."

"கெணத்துக்குத் தெரியுமுங்க."

"வெவகாரம் பேசாத. அறுவது பொம்பளைங்க கூலிக்கு நிக்கறாங்க. வெளியில ஒம்பது குடியானவன் கிழங்கோட நிக்கறான். அவங்க வயித்துக்கு நீ பதில் சொல்றயா?"

அது பொய்யான கேள்வியல்ல. அதுதான் கொடுமை. வரிசையில் நின்ற பெண்களில் பாதிப்பேர் அவளோடு சேர்ந்து தோல் சீவியவர்கள். அவர்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் செருகியிருந்த சாவியை அவள் கை தானாகத் தொட்டது. திறந்தால் எல்லோரும் பிழைப்பார்கள். அவள் செய்த தப்பும் ஓடையோடு போய்விடும். ஒன்றும் தெரியாத ஒரு பையன் தலையில் பழி நிற்கும். அவ்வளவுதான்.

"முதலாளி, அந்தத் தம்பியப் போகச் சொல்லாதீங்க" என்றாள். "தொட்டியக் கொன்னது அவரில்லீங்க. நான். பிளீச்சிங் தண்ணிய உள்ள உட்டது நானு."

எந்திரம் நின்றுபோன ஆலையில் அந்த வார்த்தை எல்லா மூலைக்கும் கேட்டது. கைலாசம் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டான். "நீயா?" என்றான். "நீ போயி..."

வசந்தாமணி அழவில்லை. கௌசிக் பக்கம் திரும்பினாள். "சாமி, மறுக்கா சாணி போட்டா எத்தன நாளாகும்?"

"மொதச் சுடர் வரவே நாப்பது நாளு. முழு வேலைக்கு ரெண்டு மூணு மாசம் ஆயிருங்க அக்கா."

"பால் உறையலீன்னா பக்கத்து ஊட்டுல போயி ஒரு கரண்டி உறை மோர் வாங்கியாந்து ஊத்தறோம். இதுக்கு அப்படி ஒண்ணும் கெடையாதா?"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "இருக்குதுங்க. சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை எறக்கீட்டு, உசுரோட ஓடற தொட்டியிலருந்து அடிச்சேறு ஆறு டேங்கர் கொண்டாந்து ஊத்துனா மூணே வாரத்துல பொழைச்சுக்கும். ஆனா அது இதே கிழங்குத் தண்ணியத் தின்னு பழகுன சேறா இருக்கோணும். பக்கத்துல அப்படி இருக்கறது..." என்று நிறுத்தினான்.

எல்லோருக்கும் தெரியும், அது யாருடைய தொட்டி என்று.

"என்ற பொணம்கூட அங்க போகாது" என்றான் கைலாசம்.

"உங்கள யாருங்க கூப்பிட்டது? கொன்னவ நானு. நானே போயிக் கேக்கறேன்."

அடுத்த பேருந்தில் ஏறினாள். முத்தாயம்மாளுக்கு அறுபத்து மூன்று வயது. எடை மேடை அறையில் உட்கார்ந்து, கண்ணாடிக்கு மேலாக அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தம்பி ஃபேக்டரி ஆளுதான நீ? என்ன, ஒறம்பரையாட்ட விருந்துக்கு வந்தயா?"

"உறை கேட்டு வந்தேனுங்கம்மா."

"மோரா? ஊட்டுல எருமை வத்திப் போச்சா?"

"எங்க தொட்டி செத்துப்போச்சுங்க."

முத்தாயம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். "இன்னிக்கு வெள்ளிக்கெழமை. எங்க ஊட்டுல வெள்ளிக்கெழமை உறை குடுக்கற வழக்கமில்ல."

"எங்க ஊட்டுலயும் இல்லீங்கம்மா. கேக்கத்தான் வந்தேன். நாளைக்கு வாங்கிக்கறேன்."

உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு ஒளிந்துகொண்டது. "யாரு கொன்னது?"

"நாந்தானுங்க. ஆயுத பூசைக்கு வாய்க்காலை வெளக்கிப் பொட்டு வெச்சேன். பிளீச்சிங் போட்டு."

முத்தாயம்மாள் கணக்கு நோட்டை மூடி வைத்தாள். "மொத வருசம் நானும் கொன்னேன்" என்றாள் மெதுவாக. "ஆசிட் ஊத்திக் கழுவிப்போட்டேன். கரைமேல உக்காந்து பிள்ளை செத்தாப்புல அழுதேன். அப்ப எனக்கு உறை குடுக்க இந்தச் சீமையில வேற தொட்டி இல்ல." பிறகு குரல் மாறியது. "ஓடையில உடச் சொன்னானா?"

இந்தக் கேள்விக்கு மெய்யைச் சொன்னால் உறை கிடைக்காது. வசந்தாமணிக்கு அது நன்றாகத் தெரிந்தது. "சொன்னாருங்க" என்றாள். "சாவி என்ற கிட்ட இருக்குது. குடுக்கல." இடுப்பிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

முத்தாயம்மாள் அந்தச் சாவியை வெறித்துப் பார்த்தாள். பதினோரு வருடத்துக்கு முன்பு இப்படி ஒருத்தி இருந்திருந்தால்? கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

"கேட்டுக்கோ, கண்ணு. உறை ஊத்துன பாலை ஆட்டக்கூடாது. மூணு வாரம் அவன் ஆலை நிக்கோணும். கேட்டுல இருக்கற கிழங்கையெல்லாம் இன்னிக்கே இங்க திருப்பி உடு. உங்க பொம்பளைங்களையும் அதே லாரியில ஏத்திக் கூட்டியா. இங்க சீவட்டும். நான் அரைச்சுத் தாரேன். மாவு அவனோடது. என்ற தொட்டி அவன் தண்ணியத் தின்னுக்கும். வெள்ளிக்கெழமைன்னு கிழங்கு அழுகாம இருக்காது."

வசந்தாமணி திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னாள். கைலாசம் எழுந்து, தானே கேட்டுக்குப் போய், ஒவ்வொரு லாரியாகத் தட்டி, "புதுச்சத்திரம் போங்கப்பா. அக்கா ஃபேக்டரிக்கு" என்றான். பதினோரு வருடத்துக்குப் பிறகு அக்கா என்கிற சொல் அவன் வாயிலிருந்து வந்தது.

அன்று இரவெல்லாம் கௌசிக் தொட்டியில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிப் புளிப்பை இறக்கினான். சனிக்கிழமை விடியலில் முதல் டேங்கர் வந்து நின்றது. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து இறங்கியவள் முத்தாயம்மாள்.

"உறையை அடுத்தவங்ககிட்டக் குடுத்தனுப்பற பழக்கம் எனக்கில்ல" என்றாள் யாரையும் பார்க்காமல்.

கைலாசம் வேட்டி நுனியைப் பிசைந்துகொண்டு நின்றான். "தண்ணி குடிக்கறயா அக்கா?"

"உன்ற ஊர்த் தண்ணியவா?" என்றாள் அவள். பிறகு, "கொண்டா" என்றாள். செம்பை வாங்கி அண்ணாந்து முழுவதையும் குடித்தாள். கைலாசம் மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

கறுப்பான அடிச்சேறு குழாய் வழியே கொழகொழவென்று தொட்டிக்குள் இறங்கியது. பகையாளி வீட்டுச் சீவன்கள் பழி பாராட்டாமல் இந்த வீட்டுக்குக் குடிவந்தன. அன்று மத்தியானமே வசந்தாமணி அன்பழகன் வீட்டுக்குப் போய் நடந்தது முழுவதையும் சொன்னாள். அவர் ஓடைக்கரைக்கு நடந்து, ஒரு கை தண்ணீரை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த நாள் இரண்டு வண்டி சாணம் அனுப்பி வைத்தார்.

பிறகு காத்திருப்பு. பெண்களில் வசந்தாமணி மட்டும் ஆலையிலேயே இருந்தாள். முதல் வாரம் ஒன்றும் ஊட்டவில்லை. இரண்டாம் வாரம் குடம் கணக்கில் கஞ்சித் தண்ணீர் ஊற்றினாள், காய்ச்சல்காரனுக்கு ஊட்டுவது போல. விரிப்பு அசையவில்லை. பதினாறு நாள் போயிற்று. "உறை புடிக்கலியாட்டங்குது" என்று காவல்காரர் முணுமுணுத்தார். சாப்பாடு கொண்டுவந்த சடையன்கூட அன்று கேலி பேசவில்லை. பாத்திரத்தை வைத்துவிட்டு, ஓரமாக நின்று தொட்டியையே பார்த்துவிட்டுப் போனான்.

பத்தொன்பதாம் நாள் காலை. மழை விட்டிருந்தது. விரிப்பின் நடுவில் தேங்கிய மழைத் தண்ணீரில் வெளுத்த வானம் தெரிந்தது. வசந்தாமணி பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த வானம் லேசாக நடுங்கியது. காற்று இல்லை. காகம் இல்லை. தண்ணீரின் விளிம்பு ஒரு விரற்கடை நகர்ந்தது. மறுபடி ஒரு விரற்கடை. பிறகு, யாரோ உள்ளேயிருந்து முதுகைக் கொடுத்துத் தூக்குவது போல, அத்தனை தண்ணீரும் மெல்லச் சரிந்து, ஓரமாக வழிந்து, வெள்ளிக் கயிறு போலக் கரையில் ஓடத் தொடங்கியது.

அவள் மண்டியிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் விரிப்பின்மேல் வைத்தாள். வெதுவெதுவென்று இருந்தது. அடியில் ஏதோ பொரிவது போல, முளைப்பது போல, ஆயிரமாயிரம் சின்னத் துடிப்புகள். மலையைப் பார்த்து மலைத்திருக்கிறாள், வெள்ளத்தைப் பார்த்து மலைத்திருக்கிறாள். கண்ணுக்கே தெரியாத ஒன்று இத்தனை பெரிய பாரத்தைச் சத்தமில்லாமல் தூக்குவதைப் பார்த்து மூச்சுவிடவும் மறந்தது அன்றுதான். யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை. கடைசிச் சொட்டு வழிகிறவரை அப்படியே இருந்தாள்.

வறுவல் அடுப்பில் கௌசிக் தீக்குச்சியைக் காட்டியபோது சுடர் முதலில் மஞ்சளாக எட்டிப் பார்த்து, பிறகு நீலமாக நின்றது. கைலாசம் அக்காவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அதை வசந்தாமணியிடம் நீட்டினான்.

"எரியுதா?" என்றது முத்தாயம்மாளின் குரல்.

"எரியுதுங்கம்மா. மூச்சு உடுது. கையில தெரியுது."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது. "நாளைக்கு ஒரே ஒரு லாரி கிழங்கு மட்டும் அரைக்கச் சொல்லு. ஒண்ணு. அவன் நாலு வேணும்பான். உடாத."

கைலாசம் பக்கத்தில்தான் நின்றான். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டுப் பக்கம் திரும்பிக் காவல்காரருக்குக் குரல் கொடுத்தான்.

"நாளைக்கு ஒரு வண்டி போதும்னு சொல்லுப்பா. மத்ததெல்லாம் அக்கா ஊட்டுக்கே போகட்டும்."